கிரியேட்டினின் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

சிறுநீரக மருத்துவர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். இரண்டு வாரம் கழித்து லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.6-லிருந்து 1.8 ஆகியிருக்கிறது. கூடவே, சுகரே இல்லாத ஆளுக்கு ஒரு சுகர் மாத்திரையும் சீட்டில் இருக்கிறது. "இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்று யாராவது சொல்ல, இரண்டும் நின்றுபோகின்றன. அடுத்த மாதப் பரிசோதனையில் கிரியேட்டினின் உண்மையிலேயே இறங்கியிருக்கும். சொன்னவர் வாக்கு பலித்ததாக வீடே நம்பிவிடும்.

அந்த நம்பிக்கை தவறு. ஏன் தவறு என்று புரியாமல், நாள்பட்ட சிறுநீரக நோயை மெதுவாக்கும் எந்த மருந்தையும் ஒருவர் வருடக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட முடியாது. இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்குக் காரணமும் உண்டு. அந்தச் சுகர் மாத்திரை வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரிலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்து, இந்த மாத்திரைகள் சாதாரண கிளினிக் சீட்டுகளிலும் வர ஆரம்பித்துவிட்டன.

ஒரே 1.4, இரண்டு வேறு சிறுநீரகங்கள்

கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும். நம் ஊரில் பலர் இதை "உப்பு" என்கிறார்கள். "ரத்தத்தில் உப்பு ஏறிடுச்சு" என்றால் சமையல் உப்பு ஏறியதாக அர்த்தமில்லை.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு விதத்தில் ஏமாறுவோம்.

1. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அதுதான் இ.ஜி.எஃப்.ஆர். கிரியேட்டினின் 1.4 உள்ள 30 வயது ஆணுக்கு இது சுமார் 69. அதே 1.4 உள்ள 60 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 43. முன்னவருக்கு மறுபரிசோதனை போதும். பின்னவருடையது மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், அது மூன்றாம் கட்ட நோய்.

2. ஏற்றத்தின் எடை இடத்துக்கு இடம் மாறும். 50 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.3 ஆனால், இ.ஜி.எஃப்.ஆர். 104-லிருந்து 67-க்கு விழுகிறது. 4.0-லிருந்து 4.4 ஆனால் 17-லிருந்து 15 அல்லது 16 ஆகிறது, அவ்வளவுதான். இரண்டிலும் ஏறியது 0.4. "1.3 தானே, கொஞ்சம்தான் கூடியிருக்கு" என்று தள்ளிப்போடும் கட்டத்தில்தான் பெரிய இழப்பு நடந்து முடிந்திருக்கிறது.

முந்தைய நாள் இரவு நிறைய ஆட்டுக்கறி, ஜிம்மில் சாப்பிடும் கிரியேட்டின் பொடி, சிறுநீர்த் தொற்றுக்கான டிரைமெத்தோபிரிம் மாத்திரை ஆகியவை சிறுநீரகத்தைத் தொடாமலே கிரியேட்டினினைக் கூட்டும். சந்தேகம் இருந்தால், ரத்தத்தில் வேறொரு புரதத்தை அளக்கும் சிஸ்டாட்டின் சி பரிசோதனை தெளிவாக்கும்.

பலரும் எடுக்காத இரண்டாவது பரிசோதனை

இ.ஜி.எஃப்.ஆர். இப்போது எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். எவ்வளவு வேகத்தில் தேயப்போகிறது என்பதைச் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம்தான் நன்றாகக் காட்டும். பரிசோதனையின் பெயர் சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300-க்கு மேல் கடுமையான கசிவு.

இதற்கு 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்து வைக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் போதும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் அளவு பொய்யாகக் கூடும். ஒரு முறை கூடுதலாக வந்தால் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். சாதாரண யூரின் டெஸ்டில் "அல்புமின்: இல்லை" என்று வந்தாலும், ஆரம்பக் கசிவு அதில் முக்கிப் பார்க்கும் பட்டைக்குத் தெரியாமல் போகலாம். சுகர், பிரஷர் உள்ளவர்கள் வருடம் ஒரு முறை ஏ.சி.ஆர். என்று பெயர் சொல்லிக் கேட்டு எடுப்பதுதான் சரி.

காரணமான நோய் அடங்கினாலும் சிறுநீரகம் ஏன் தேய்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சுகர், பிரஷர், அழற்சி என்று ஏதோ ஒன்றால் கொஞ்சம் நெஃப்ரான்கள் போய்விட்டால், மிஞ்சியவை கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பத்துப் பேர் இழுத்த தேரை ஆறு பேர் இழுப்பது போல. தேர் நகரும், ரிப்போர்ட்டும் ஓரளவு நன்றாக வரும். ஆனால் அந்த ஆறு பேர் சீக்கிரம் களைத்து விழுவார்கள்.

ஒவ்வொரு வடிகட்டியின் உள்ளேயும் ரத்த அழுத்தம் எகிறுவதுதான் இதன் உட்பொருள். அந்த அழுத்தம் வடிகட்டிச் சுவரைக் கிழித்து அல்புமினைக் கசியவிடுகிறது. கசிவு தழும்பாகிறது. தழும்பு இன்னும் சில நெஃப்ரான்களைக் கொல்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பேரி பிரென்னர் முதலானோர் முன்வைத்த இந்த விளக்கத்தின் மீதுதான் இன்றைய சிகிச்சை பெரும்பாலும் நிற்கிறது.

வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ஏ.சி.ஈ. தடுப்பான்களும், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற ஏ.ஆர்.பி. மருந்துகளும் வெளியேறும் குழாயை அகலப்படுத்துகின்றன. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான்கள் நுழையும் குழாயைச் சற்றுச் சுருங்க வைக்கின்றன. இரண்டு வழியிலும் உள்ளழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அந்த நேரத்து வடிகட்டலும் கொஞ்சம் குறைந்தே தீரும். இரண்டாம் வார ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் ஏறியது இதனால்தான். மருந்து தன் வேலையைச் செய்கிறது.

ஒரு சிறு கணக்கு

இ.ஜி.எஃப்.ஆர். 45-ல் இருக்கும் ஒருவருக்கு வருடம் 5 வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். அங்கே வர அவருக்கு 6 வருடம் ஆகும்.

இப்போது மருந்து தொடங்குகிறார். முதல் மாதத்திலேயே 45 என்பது 41 ஆகிறது. பிறகு வருடம் 2 வீதம் மட்டுமே இறங்குகிறது. 15-ஐத் தொட 13 வருடம். இரண்டு கோடுகளும் சந்திப்பது 16-வது மாதத்தில். அதுவரை "மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றுதான் ரிப்போர்ட் சொல்லும். அதற்குள் நிறுத்துகிறவர், நட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு லாபம் வருவதற்குமுன் கடையை மூடியவர்.

இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கோடுகளின் வடிவம் இப்படித்தான்.

நோய் முற்றியவர்களிடம் ஏ.சி.ஈ., ஏ.ஆர்.பி. மாத்திரைகளை நிறுத்தினால் சிறுநீரகம் மீளுமா என்றும் பிரிட்டனில் நேரடியாகவே சோதித்தார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வில் 411 பேர் இருந்தார்கள். மூன்று வருட முடிவில், நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் இ.ஜி.எஃப்.ஆரில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறுத்தியதால் லாபம் எதுவும் கிடைக்கவில்லை.

எந்த ஏற்றம் சரி, எது ஆபத்து?

1. ஏ.சி.ஈ. அல்லது ஏ.ஆர்.பி. தொடங்கிய பின்னும், அளவைக் கூட்டிய பின்னும் 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2. நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் தொடரலாம். தொடக்கம் 1.6 என்றால் எல்லை ஏறக்குறைய 2.1. மேலே சொன்ன 1.8 அதற்குள் அடங்கிவிடுகிறது.

3. 30 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கலாம், நீர் மாத்திரை அளவு அதிகமாக இருக்கலாம், இடையில் வலி மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். சிலருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயே இரு பக்கமும் சுருங்கியிருக்கும்.

4. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் உணவு, நீர் மாத்திரை, சோடியம் பைகார்பனேட், பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடிக்கும் மருந்து என்று முதலில் வேறு வழிகள் உண்டு. 6-க்கு மேல் போனால் அன்றே இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். ரத்த மாதிரி சேகரிப்பு மையத்திலிருந்து நெடுந்தூரம் போய், அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடும். எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று 6.2 வந்தால் சிகிச்சையோடு மறுமாதிரியும் உடனே எடுப்பார்கள்.

மருந்துகள்: எது எதைச் செய்கிறது

ஏ.சி.ஈ.யும் ஏ.ஆர்.பி.யும் பழையவை. அல்புமின் கசிவு உள்ளவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று, தாங்கக்கூடிய உச்ச அளவில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்புப் பலன் வருமா என்று பார்த்தார்கள். 2008-ல் வெளியான டெல்மிசார்ட்டன்–ராமிப்ரில் ஆய்விலும், 2013-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்ட லோசார்ட்டன்–லிசினோப்ரில் ஆய்விலும் கெடுதல்தான் கூடியது. இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்லோடிபின் பிரஷரைக் குறைக்கும், ஆனால் இந்தக் கசிவை அந்த அளவுக்கு அடக்காது. தவிர, அது கணுக்காலை வீங்க வைக்கும். அதைச் சிறுநீரக வீக்கம் என்று எண்ணிப் பயப்படுபவர்கள் பலர்.

எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான்களின் கதை எதிர்பாராதது. இவை சுகர் மருந்தாகவே பிறந்தவை. 2020-ல் வெளியான டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் 4,304 பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சுகர் கிடையாது. சிறுநீரகச் செயல்பாடு பாதியாகக் குறைவது, கடைசிக் கட்டம், சிறுநீரக அல்லது இதய மரணம் ஆகியவை சேர்ந்து 39 சதவீதம் குறைந்தன. சுகர் இல்லாதவர்களுக்கும் அதே பலன். 6,609 பேரைக் கொண்ட எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் குறைவு 28 சதவீதம். அளவு நாளுக்கு 10 மில்லிகிராம், ஒரே வேளை. இ.ஜி.எஃப்.ஆர். 20 வரை இறங்கியிருந்தாலும் தொடங்கலாம். செயல்பாடு குறைந்த சிறுநீரகத்தில் இது சுகரை அதிகம் இறக்காது. அதைக் கண்டு "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடக் கூடாது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய தொல்லைகள் இரண்டு. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். தினமும் கழுவி ஈரமில்லாமல் வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். இரண்டாவது அரிதானது, ஆனால் ஆபத்தானது. பட்டினி, விரதம், அறுவை சிகிச்சை, வாந்தி நேரங்களில் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போது சுகர் பெரிதாக ஏறாமல் 180 போலவே காட்டலாம், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்றால் "சுகர் நார்மல்தானே" என்று வீட்டில் இருக்கக் கூடாது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த அபாயம் மிக அதிகம்.

சுகரும் அல்புமின் கசிவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஃபினெரெனோன், செமாகுளூட்டைடு ஆகிய மருந்துகளும் சிறுநீரகத்தைக் காக்கும் என்பதற்கு வலுவான சான்று உண்டு.

சுகர்க்காரர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சிறுநீரகம் தேயத் தேய இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கும். அதனால் "சுகர் தானாவே குறைஞ்சிடுச்சு" என்று மகிழ்ந்தால், அது நல்ல செய்தியாக இல்லாமல் இருக்கலாம். தாழ்சர்க்கரை மயக்கம் வருமுன் இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு அளவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே பாதி அளவு, 30-க்குக் கீழே நிறுத்தம்.

பிரஷரும் உப்பும்

130/80-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல் மேல் எண் 120-க்குக் கீழே என்கிறது. ஆனால் அது முறைப்படி அளந்த எண்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை மேசையில், பேச்சில்லாமல், கைக்குப் பொருந்தும் பட்டையோடு. மாடியேறி வந்ததும் சட்டைக் கைக்கு மேலேயே அளந்த எண்ணுக்கு இந்த இலக்கை வைத்து மருந்தைக் கூட்டினால், தலைசுற்றி விழுவதுதான் நடக்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி. இதை வீட்டில் அளக்க ஒரு சுலப வழி உப்புப் பாக்கெட் வாங்கும் தேதியைக் குறிப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் வருகிறது. இலக்கு 600 கிராம். இதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் மிக்சர், பேக்கரிப் பண்டம் எதுவும் சேரவில்லை. உப்பு குறையாவிட்டால் பிரஷர் மட்டும் அல்ல, ஏ.ஆர்.பி. மருந்து அல்புமின் கசிவைக் குறைக்கும் திறனும் மழுங்கிவிடும். மாத்திரையைக் கூட்டுவதற்குமுன் பாக்கெட்டைப் பார்ப்பது நல்லது.

இந்துப்பும் சோடியம் உப்புதான், கடல் உப்புக்கு அது மாற்றாகாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்டில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரக நோயாளி, அதுவும் ஏ.ஆர்.பி. சாப்பிடுபவர், அதைத் தொடவே கூடாது.

ஒரே வாரத்தில் வருடங்களை விழுங்குபவை

வலி மாத்திரைகள் முதலிடம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை நுழையும் குழாயைத் திறந்து வைக்கும் இயற்கைப் பொருளைத் தடுக்கின்றன. ஏ.ஆர்.பி. வெளியேறும் குழாயை ஏற்கெனவே அகலப்படுத்தியிருக்கிறது, நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைத்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டி திடீரென்று நின்றுபோகலாம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும், பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலத்தில் இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். பாராசிட்டமால், ஒத்தடம், இயன்முறைப் பயிற்சி ஆகியவை பாதுகாப்பான மாற்று.

அடுத்தது பாதரசம் கலந்தவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய ஒரு வகைச் சிறுநீரக வடிகட்டி நோயையும் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளையும் இணைத்துக் காட்டியது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குப் புரதக் கசிவு குறைந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல் இதே நோய் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களிடம் தெரியவந்தது. "இயற்கையானது" என்ற சொல் கலவையைச் சொல்லாது. பஸ்பம், செந்தூரம் எதுவானாலும் சிறுநீரக மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

நட்சத்திரப் பழம் தனி எச்சரிக்கை. ஆரோக்கியமானவர் சாப்பிடலாம். சிறுநீரகம் குறைந்தவருக்கு அதிலுள்ள நரம்பு நச்சு வெளியேறாமல் தங்கி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளில்

அறுவை சிகிச்சைக்கு முன்பு போலவே, இந்த நிலையிலும் மாத்திரையை நிறுத்துவது சரி, அதுவும் தற்காலிகமாக. சாப்பிடவும் குடிக்கவும் முடியாத அளவுக்கு வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்றால் ஏ.சி.ஈ. அல்லது ஏ.ஆர்.பி., நீர் மாத்திரை, எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான், மெட்ஃபார்மின் ஆகியவற்றை இடைநிறுத்துவது வழக்கம். எதை, எத்தனை நாள் என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பது நல்லது. இன்சுலினைத் தானாக முற்றிலும் நிறுத்தக் கூடாது. இயல்பாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்தில் மாத்திரைகளை மீண்டும் தொடங்க வேண்டும். நடைமுறையில் கெடுவது இந்தக் கடைசிப் படிதான். பேதி நின்று மூன்று மாதம் ஆகியும் மாத்திரை தொடங்காமலே இருப்பார்கள்.

தண்ணீர், புரதம், இளநீர்

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் "கழுவிவிடப்படும்" என்ற நம்பிக்கையைக் கனடாவில் 631 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கூடுதலாக ஒன்று, ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னதில் ஒரு வருடத்தில் பலன் இல்லை. முடிவு 2018-ல் வெளியானது. தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் வேலை செய்பவர், சிறுநீரகக் கல் உள்ளவர் கணக்கு வேறு. கால் வீக்கம், இதயச் செயலிழப்பு உள்ளவர் கணக்கு அதற்கு நேரெதிர்.

புரதம், எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். நம் சாதாரணச் சாப்பாட்டில் பலர் அதைத் தாண்டுவதே இல்லை, எனவே பருப்பையும் முட்டையையும் பயந்து ஒதுக்கி மெலிந்துபோகத் தேவையில்லை. புரதப் பொடிதான் வேண்டாம். இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டுமே தடை.

இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இறங்கினால்

மெதுவாக்கும் வேலை இங்கேயும் நிற்காது, ஆனால் கூடவே மூன்று ஏற்பாடுகள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே முடித்துவிட வேண்டும், செயல்பாடு குறையக் குறைய உடல் அதற்கு எதிர்ப்பு உண்டாக்குவது குறையும். 20-ஐ நெருங்கும்போது மாற்றுச் சிறுநீரகம் பற்றிக் குடும்பத்தில் பேச்சைத் தொடங்கலாம், டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் மாற்று என்று விதி இல்லை. மூன்றாவதை வெளியில் பெரிதாக யாரும் சொல்வதில்லை. எழுதாத கையின் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள நரம்புகளில் (ரத்தக்குழாய்களில்) ஊசி குத்தவோ, டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். பின்னால் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் செய்யும் ரத்தக்குழாய் இணைப்பு, போட அந்த நரம்புதான் வேண்டும். ரத்தம் எடுக்க வருபவரிடம் புறங்கையைக் காட்டினால் போதும்.